வேர்க்காத மனிதரின் வேர்வை

வேலை செய்கிறவனை வேர்வையை வைத்துக் கண்டுபிடிக்கிற ஞானி ஒருவர், மாமா வேலை பார்த்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தார். நீராவி இஸ்திரிப் பெட்டிகளுக்கு நடுவே எல்லோர் முதுகும் நனைந்திருக்க, மாமா மட்டும் காய்ந்து நிற்பார். பிறவியிலேயே அவருக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. தலையில் பத்திருபது முடி, புருவம் அதுவுமில்லை. அங்கே அவர் பெயர் 'பல்பு'.

உடம்புச் சூடு வெளியேற வழியில்லாததால் மணிக்கொரு தரம் குழாயடிக்குப் போய்ச் சட்டையை நனைத்துக்கொள்வார். சூப்பர்வைசருக்கு அது வேலைக்கள்ளத்தனம். உழைத்தது போல நடிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். டாக்டர் சீட்டு இல்லாமல் திங்கட்கிழமை உள்ளே வரக்கூடாது என்றும் சொன்னார்.

டாக்டர் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதித் தந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் சும்மா இருப்பேனா? நோயின் பெயர், அது அபூர்வமான தோல் நோய் என்பது, முடி ஏன் முளைக்காது, பல் ஏன் குறைவு என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி இணைத்தேன். மாமாவுடன் நானே போனேன்.

சூப்பர்வைசர் 'தோல் நோய்' என்ற இடம் வரைக்கும்தான் படித்தார். அதற்குப் பிறகு காகிதத்தை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துக்கொண்டார்.

"இவர் வேர்வை துணியில பட்டா யாருப்பா பதில் சொல்றது?"

"அவருக்கு வேர்வையே வராதுங்க. அதுதாங்க நோயே."

"பாத்தியா, நீயே நோய்னு சொல்ற."

இத்தனை நாள் வேர்க்கவில்லை என்று திட்டியவர், வேர்த்துவிடுமோ என்று பயந்து அன்றே கணக்கை முடித்தார். மாமா சனிக்கிழமை வரை தேய்த்த சட்டைகள் மட்டும் அவருக்குப் பயமாகத் தெரியவில்லை. நாங்கள் வாசலைத் தாண்டும்போது அவை மடிப்புக் கலையாமல் ஏற்றுமதிப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன.

தெருக்குழாயில் மாமா சட்டையோடு குனிந்து நின்றார். அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவர் நிமிரவில்லை.

"அவன் மடையன்னு எனக்கு பன்னெண்டு வருஷமா தெரியும் மாப்ள. 'உடம்பு சூடு, அடிக்கடி தண்ணி ஊத்திக்கணும்'னு ஒரு வரி எழுதியிருந்தா போதாதா? இவ்ளோ படிப்பையும் அங்கேயே கொட்டணுமா?"

அந்த ஒரு பக்கத்தை யாருக்காக எழுதினேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாமாவுக்காக இல்லை என்பது வரைக்கும் தெரிகிறது.