பெட்டிக்குத் தைத்த சட்டை

ஊரிலுள்ள தாய்மார் எல்லாரும் "படி, படி" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த காலத்தில், "இன்னும் கொஞ்சம் விளையாடு மனே" என்று மகனிடம் கெஞ்சிய ஒரே தாய் தன்னாமுனையில் நானாகத்தான் இருப்பேன். அதுவும் ஒரு கணக்கு டீச்சர்! சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பொழுதுபட்டபின் தெருவில் நின்ற இளந்தாரிகளை ஆரோ வந்து பிடித்துக்கொண்டு போன வருடங்கள் அவை. அந்த ஆரோ யார் என்று கேட்கிற வாய் ஊரில் ஒருவருக்கும் இல்லை. மகனுக்கு ஏ.எல். படிக்கிற வயது, பதினேழு. கட்டிப்போட்டா வைக்க முடியும்? தகப்பன் கட்டாரிலிருந்து அனுப்பியதைச் சேர்த்து ஏறாவூரில் ஒரு கொம்பியூட்டர் வாங்கினேன். துவக்குச் சூட்டு விளையாட்டுகளையும் போட்டுத் தரச் சொன்னேன். வெளியே மெய் வெடி, உள்ளே பொய் வெடி. பொய் வெடிக்குப் பக்கத்தில் அவன் இருந்தால் எனக்குப் போதும்.

பக்கத்து வீட்டுப் பையனும் வந்து சேர்ந்துகொண்டான். மகனோடு ஒரே வகுப்பு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "மாமி, வரட்டா?" என்று கேட்காமல் உள்ளே கால் வைக்கமாட்டான். அவனுடைய தாய் வேலிக்கு மேலால் எட்டி, "உங்கட வீட்டுல இரிக்கான் எண்டா எனக்கு நிம்மதி கா" என்பாள். இரண்டு பிள்ளைகளும் இராச்சோறு வரைக்கும் என் கண்முன்னால் இருந்தார்கள்.

என் வீட்டில் ஒரு பொருளையும் நான் அம்மணமாக விட்டதில்லை. கடலோடு சேர்ந்த வாவி, காற்றில் உப்பு இருக்கிறது, இரும்பைத் தின்றுவிடும். டீவிக்குச் சட்டை, ரேடியோவுக்குச் சட்டை, தையல் மெஷினுக்கும் சட்டை. கொம்பியூட்டர் பெட்டிக்கு மட்டும் இல்லாமல் இருக்குமா? பழைய சேலையில் கரை வைத்து, சுருக்குப் பிடித்து ஒன்று தைத்துப் போட்டேன். பட்டனை அமர்த்த முன்னால் ஒரு ஓட்டை, வயர் வரப் பின்னால் ஒரு ஓட்டை. பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல வடிவு என்றார்கள்.

வெயில் காலம் வந்ததும் சனியன் தொடங்கியது. விளையாடிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்துபோகும். இல்லையென்றால் பட்டென்று அணைந்து, தானாகவே திரும்ப எழும்பும். எப்போது நடக்கும் என்று சொல்ல முடியாது. அணைந்தால் மகன் எழும்பிவிடுவான். "சந்தி மட்டும் போயிட்டு வாறன் அம்மா" என்று சேர்ட்டைத் தேடுவான். நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன்.

வைரஸ் என்றார்கள், சீடி வாங்கிப் போட்டுத் தேடினோம். மெமரியைக் கழற்றி அழிறப்பரால் தேய்க்கச் சொன்னார்கள்; தேய்த்தோம். பிளக்கை மாற்றினோம். கடைசியில் உப்பும் மிளகாயும் சுற்றிக் கண்ணூறுகூடக் கழித்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. சட்டை அழுக்காகிவிடும் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியை ஆட்டோவில் ஏற்றி ஏறாவூர்க் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "சாமான்ல ஒரு பிழையுமில்ல டீச்சர். காலையில இரிந்து ஓடுது, ஒருக்காக்கூட நிக்கல்ல" என்றார்.

பெட்டியில் பிழையில்லை என்றால் வீட்டில்தானே பிழை? பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கவனிக்கத் தொடங்கினேன். மகன் விளையாடும்போது நிற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் நிற்கிறது. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். கணக்குச் சரியாக வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. ஒரு பின்னேரம் மறுபடி அணைந்ததும், "உன்ட கை பட்டாத்தானேடா இது சாகுது! கொஞ்ச நாளைக்கு இஞ்சால வராத!" என்று கத்திவிட்டேன். அவன் எழும்பினான். "சரி மாமி" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

மகன் தனியாகக் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் புத்தகத்தை எடுத்துவிடுவான்; பெட்டியும் நிற்கவில்லை. பின்னேரங்களில் பக்கத்து வீட்டுப் பையன் சந்தியில் நிற்கத் தொடங்கினான். வேறு எங்கே போவான், பாவம்? கன நாள் ஆகவில்லை. சந்தியில் நின்ற பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனும் அதில் போனான்.

அவனுடைய தாய் பொலிஸ், முகாம் என்று எந்தெந்த வாசலிலோ போய் நின்றாள். நானும் கூடவே போனேன். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "உங்கட வீட்டுக்குத்தானே கா எப்பவும் வாற புள்ள. ஏன் சந்திக்குப் போனான்?" என்று கேட்டாள். நான் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்க மறுத்தது. கண்ணில் பட்ட துணியெல்லாம் அள்ளித் தோய்த்தேன், பெட்டியின் சட்டையையும்தான். மகன் யாரோடும் பேசாமல் அந்தப் பெட்டிக்கு முன்னால் பகல் முழுக்க இருந்தான். ஒரு தடவைகூட அது நிற்கவில்லை. காய்ந்த சட்டையை மறுநாள் போட்டேன். நின்றது. சட்டையைத் தூக்கிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரிச் சுட்டது. பின்னால் இருந்த காற்றாடிக்கு மூச்சு விட வழியில்லை. ஓட ஓடச் சூடேறி, இரண்டாவதாக உட்காருகிறவனின் கையில் அது நின்றிருக்கிறது.

"அவன் ஏன் எப்பவும் ரெண்டாவது?" என்று மகனைக் கேட்டேன்.

"உன்ட சாமான், நீ முதல் விளையாடு எண்டு சொல்லுவான் அம்மா. மறுகாத்தான் அவன் இரிப்பான்."

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த வாயில் மண்ணை அள்ளிப் போட்டால் என்ன? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

பிறகு அவனை விட்டார்கள். ஏன் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானே அவன் வீட்டுக்குப் போய், தாய் கேட்கும்படி, "பிழை உன்ட கையில இல்ல மனே. நான் தைச்ச சட்டையில. நான்தான் உன்ன வராத எண்டன்" என்றேன். தாய் அவனுடைய செருப்பை எடுத்து அவன் காலடியில் வைத்தாள். பிறகு அவனிடம், "போ மனே, மாமி கூப்பிடுறா" என்றாள். அவள் என்னை ஏசியிருக்கலாம்.

எங்கள் வீட்டில் மகன் எழும்பி அவனைக் கதிரையில் இருத்தி, "இண்டைக்கு நீதான் முதல்" என்றான். துவக்குச் சத்தம் இல்லாத கார் பந்தயம் ஒன்றைத் தேடிப் போட்டிருந்தான். நான் குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது.

அப்போது கரண்ட் போனது. எங்கள் ஊருக்கு அது புதினமில்லை. ஆனால் இருட்டில் கதிரை சரிந்து விழுந்தது.

"நான் இல்ல ஐயா! நான் ஒண்டும் செய்யல்ல ஐயா! நான் தொடல்ல மாமி!"

விளக்கைக் கொண்டு ஓடினேன். அவன் சுவரோடு ஒட்டி நின்று, இரண்டு கைகளையும் விரித்து எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.