கண்ணாடியில் வைத்த பொட்டு

பேச்சிமுத்து எனக்கு மருமகன் முறை. என் சின்னம்மா மகள் அய்யம்மாளைக் கான்சாபுரத்தில் கட்டிக்கொடுத்தோம், அவளுக்கு மூத்த மகன். அவன் அப்பன் வழியில் எல்லாரும் வயலோடு கிடந்தவர்கள். இவன் ஒருத்தன்தான் லாரி ஸ்டியரிங்கைப் பிடித்தான். பிடித்த நாள் முதல் ராஜபாளையத்து வரதராஜிடம்தான் ஓட்டினான். அந்த ஆளின் பெயரை எழுதும்போதே வாய் கசக்கிறது.

வரதராஜுக்கு லாரிகளும் உண்டு, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி செய்யும் கம்பெனியும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும் சரக்கு. தலையில் தொப்பி இல்லாமல் ஒருத்தியும் உள்ளே போக முடியாது. ஒரு பாக்கெட்டின் ஓரம் பிரிந்திருந்ததைக் கவனிக்கவில்லை என்று அங்கே வேலை பார்த்த எங்கள் சொந்தக்காரப் பெண் வெங்கடேஸ்வரியை வாசலில் நிறுத்தி, "ஏட்டி, பிரிச்ச பாக்கெட்டு பொணத்துக்குக்கூட ஆகாது" என்று தெருவே கேட்கக் கத்தியவன் அவன்.

பேச்சிமுத்துவுக்குச் சொத்து என்று இருந்தது நல்ல பேர் ஒன்றுதான். அவனிடம் ஏற்றிய சரக்கு ஏற்றியபடியே இறங்கும், கயிற்று முடிச்சுக்கூட மாறாது என்பார்கள். அந்தப் பேருக்குத்தான் அந்த வேலையும் வந்தது.

மலையுச்சியில் வானம் பார்க்கிற கூடம் ஒன்று. அதற்குப் புதுக் கருவி வெளிநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்தது. நட்சத்திரத்து வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்குமாம். பெரிய வண்டி மலை வளைவில் திரும்பாது. அதனால் வரதராஜின் ஷெட்டில் வைத்துப் பேச்சிமுத்து ஓட்டும் சின்ன லாரிக்கு மாற்றினார்கள். மரப்பெட்டி, அதற்குள் வெள்ளித்தாள் மாதிரி ஓர் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டி வைத்திருந்தது. கூடத்து அதிகாரி மாதவி போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அண்ணே, பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. கண்ணாடியில தூசி பட்டாப் போச்சு."

புறப்படுகிற காலையில் பேச்சிமுத்து என்னைப் பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வரச் சொன்னான். போனேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், வண்டிக்குச் சந்தனம், பெட்டிக்கும் ஒரு பொட்டு. எல்லாம் முடிந்து வண்டியை எடுக்கப் போகையில் வரதராஜ் வந்தான். கையில் பால்கோவாப் பொட்டலம். போட்டோ எடுக்கப் பின்னால் அவன் மச்சினன் அனந்தபத்மநாபன்.

"மெஷினுக்குப் பொட்டு வச்சாச்சாலே?"

"பெட்டி மேல வச்சிருக்கு மொதலாளி."

"புது மோட்டார் வாங்குனா அட்டைப்பெட்டிக்கா பூசை போடுதோம்? தொற."

"தொறக்கப்படாதுன்னு அந்தம்மா சொல்லியிருக்காக."

"அந்தம்மா வானத்தப் பாக்கட்டும். என் ஷெட்டுல இருந்து பொட்டில்லாம ஒரு மெஷினும் போனதில்ல."

பேச்சிமுத்து வண்டிக்குப் பின்னால் கையை விரித்து நின்றான்.

"ஏலே, என் சோத்தத் தின்னுட்டு என்னையே மறிக்கியா?"

வரதராஜ் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். ஷெட் ஆட்கள் பெட்டியின் மூடியைக் கழற்ற, உறையைத் தானே கத்தியால் கிழித்தான். பக்கத்திலேயே காஸ் கம்பெனி. வெயிலில் பஞ்சு மிதக்கிற இடம். உள்ளே பெரிய கண்ணாடி. அதன் மேலிருந்த மூடியையும் திருகி எடுத்தான். பால்கோவா தின்ற விரலைச் சந்தனத்தில் தோய்த்து நட்டநடுவில் வைத்தான், அதன் மேல் குங்குமம். நெய் கோடாக இறங்கியது.

"மச்சான், கை மறைக்குது. செத்த தள்ளி இன்னொன்னு வைங்க" என்றான் மச்சினன். இன்னொன்றும் வைத்தான். பிறகு, வழிந்தது அழுக்காகத் தெரிகிறது என்று காஸ் துணியில் எச்சிலைத் தொட்டுத் துடைத்தான்.

எச்சில்!

"பிரிச்ச பாக்கெட்டு பொணத்துக்கும் ஆகாதுன்னியளே?" என்று கேட்டேன்.

"பூசணிக்கா ஒடச்சாச்சுல்ல பெரியவரே? கெளம்பும்."

பெட்டியை மறுபடி மூடிய பிறகு பேச்சிமுத்துவைத் தனியே கூப்பிட்டு, "மேல கேட்டா ரோட்டுல குலுங்குச்சுன்னு சொல்லு" என்றானாம்.

இனி நடந்ததைப் பேச்சிமுத்துதான் என்னிடம் சொன்னான். மலையேறும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உச்சியில் மாதவி பெட்டியில் கை வைக்கும் முன்பே சொல்லிவிட்டான்: "அம்மா, இதத் தொறந்துட்டாக. எங்க மொதலாளிதான் தொறந்தாரு."

அவள் அங்கேயே வரதராஜுக்குப் போன் போட்டாள். அவன் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"நானா? பெட்டிய நான் கண்ணால கூடப் பாக்கல மேடம். அந்தப் பய வழியில எங்கயாச்சும் நிறுத்தி வேடிக்கை பாத்திருப்பான்."

சுற்றி நின்றவர்கள் பேச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அதுவரை அவனை ஒருத்தரும் அப்படிப் பார்த்ததில்லை. போய் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான். அப்போது அவன் பெண்டாட்டி முனீஸ்வரி போனில் வந்தாள்.

"மொதலாளி ஸ்டேட்டஸப் பாத்தியளா? நட்சத்திரக் கண்ணாடிக்கே பொட்டு வச்சு போட்டோ போட்டிருக்காரு! நீங்க ஏன் ஓரத்துல எழவு வீட்டுல நிக்க மாதிரி நிக்கிய?"

பேச்சிமுத்து எழுந்து போய், போனில் அந்தப் படத்தைத் திறந்து மாதவியிடம் நீட்டினான். கண்ணாடியில் வரதராஜின் விரல். கீழே கொட்டை எழுத்தில், 'வானத்தையே வழியனுப்பும் அண்ணன் வரதராஜ்.' கண்ணால் கூடப் பார்க்காதவன்!

மாதவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "விரல்ல என்ன அண்ணே மினுங்குது?"

"பால்கோவாம்மா."

அவள் பெட்டியை உள்ளே கொண்டுபோய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். கண்ணாடி மேல் இருந்த பூச்சு கீறிப்போயிருந்தது. திருகாணி இடுக்கெல்லாம் குங்குமமும் பஞ்சும். செய்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றாள். "வேற வண்டி வரவழைக்கிறேன். ஆனா நீங்கதான் ஓட்டணும். வேற யாரையும் நம்ப மாட்டேன்."

வரதராஜின் லாரியைக் கொண்டுபோய் ஷெட்டில் விட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான் பேச்சிமுத்து. வாங்கிக்கொண்டவன் முகத்தில் வெட்கம் ஒரு துளி இல்லையாம். மறுபடி மலைக்குப் போய்ப் புது வண்டியில் பெட்டியை ஏற்றினான். மலையில் கட்டிய முடிச்சு தூத்துக்குடித் துறைமுகத்தில்தான் அவிழ்ந்தது.

இதில் எனக்குத் தாங்காதது ஒன்று உண்டு. "சோறு போட்ட மொதலாளியக் காட்டிக் குடுத்துட்டானே அண்ணே" என்று அய்யம்மாளே மூக்கைச் சிந்துகிறாள். பெற்றவள்! வரதராஜ் வீட்டுக் காதுகுத்துக்கு எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் போய்ப் பந்தியில் உட்கார்ந்து இலை வழித்துவிட்டு வந்தார்கள். அய்யம்மாள் வீட்டில் நான் இப்போது கை நனைப்பதில்லை.

அந்தப் போட்டோவை வரதராஜ் ப்ளெக்ஸ் அடித்து பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்டியிருக்கிறான். வெயிலில் முகம் வெளுத்துவிட்டது. விரல் மட்டும் இன்னும் மினுங்குகிறது. அதன் கீழே நின்று பஸ் ஏற எனக்கு அருவருப்பு. அடுத்த நிறுத்தம் வரை நடந்து போய் ஏறுகிறேன்.