ஆர்லன் ஃபிஸ்க் அடைத்த இடுக்குகள்

ஆர்லன் ஃபிஸ்க் முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் தண்டவாளத்து போல்ட்டுகளை முடுக்கியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. பக்கத்து வீடான எங்கள் வீட்டுக் கதவின் கீலைக்கூடக் கேட்காமல் முடுக்கிவிட்டுப் போவார். அப்புறம் அந்தக் கதவு திறக்காது. அது வேறு விஷயம்.

லாரமி ஊர் ஏழாயிரத்து இருநூறு அடி உயரத்தில் இருக்கிறது. நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கே மாடி ஏறினால் இரைக்கும். ஆர்லனின் மனைவி நெல்டாவுக்குப் பாதி நுரையீரல்தான் மிச்சம். மற்றது நாற்பது வருடச் சிகரெட்டோடு போய்விட்டது. அந்த ஜூன் மாதம் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: பனிக்காலம் வருவதற்குள் சமவெளிக்கு இறங்கிவிட வேண்டும். இன்னொரு குளிர்காலத்தை இந்த உயரத்தில் அவள் தாங்கமாட்டாள்.

இறங்குவதற்கு இடமும் இருந்தது. அரிசோனாவின் யூமாவில் நெல்டாவின் தங்கை வாண்டா இருந்தாள். அறை காலியாகத்தான் கிடக்கிறது, விமானத்துக்குச் சீட்டு எடுக்கட்டுமா என்று அன்றைக்கே போனில் கேட்டாள். ஆர்லன் பக்கத்தில் நின்றுகொண்டு வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"அடுத்தவன் வீட்டு கக்கூஸ் வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிற வயசா எனக்கு?"

"நீ வராதே. மூச்சு முட்டுறது எனக்கு, உனக்கில்ல," என்றாள் நெல்டா.

"உன்னை அனுப்பிட்டு நான் இங்க யார்கூட சண்டை போடுறது?"

அந்த வீட்டில் கொஞ்சல் என்பது இதுதான். நெல்டாவும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். சீட்டு வேண்டாம் என்று வாண்டாவிடம் சொன்னாள்.

ஆர்லனின் திட்டம் ஒரு கேம்பர் வாங்குவது. பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி உட்கார வைக்கிற, மரச்சட்டத்தின் மேல் தகரம் அடித்த பெட்டி வீடு அது: உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. அதிலேயே பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிக்கலாம், யாருக்கும் கடமைப்பட வேண்டாம். ராக் ஸ்பிரிங்ஸில் ஒன்று விலைக்கு வந்தது. நானும் கூடப் போனேன்.

எங்கள் பக்கத்தில் பழைய கேம்பர் வாங்குகிறவன் முதலில் கதவைத் திறக்கமாட்டான். டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கைப் பகுதியின் அடிமூலைகளில் கட்டைவிரலை வைத்து அழுத்துவான். மூலை எதிர்த்தால் பேரம் பேசுவான். அமுங்கினால் வந்த வழியே திரும்பிவிடுவான். ஆர்லனின் விரல் மூன்று மூலைகளில் நின்றது. நான்காவதில் கேக்கில் போவதுபோல் உள்ளே போயிற்று.

விற்க வந்தவன் மறைக்கவில்லை. "ஓரிகன் கடற்கரையில இருபது வருஷம் நின்ன வண்டி பெரியவரே. அங்க வெயில் அடிச்சா பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவான்."

"லாரமிக்கு வந்துட்டா ரெண்டு வாரத்துல எலும்பு மாதிரி காஞ்சிடும்," என்றார் ஆர்லன்.

இதை நம்பாதவர் எங்கள் ஊரில் கிடையாது. மேஜையில் வைத்த ரொட்டி, வாசலுக்குப் போய்த் திரும்புவதற்குள் கட்டையாகிவிடும். வேலியோரம் செத்துக் கிடக்கும் மான்கூட நாற நேரமில்லாமல் காய்ந்துவிடும். இங்கே எதுவும் ஈரமாக இருக்க முடியாது என்பது எங்களுக்கு மதம். வாங்கிவிட்டார்.

அழுகிய மூலையை அறுத்தெடுத்துப் புதுப் பலகை வைத்தார். அந்த இரண்டு வாரம்கூடப் பொறுக்கவில்லை. மறுநாளே கூரையின் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசையை இழுத்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் கீழே நின்றேன். பிறகு சுவர்களின் அடியில் நீளமாக ஓடிய இடுக்குகளுக்கு வந்தார். அவற்றின் வழியே காற்று விசில் அடித்தது, தூசி வந்தது, நெல்டா இருமினாள்.

"கீழயும் அடைக்கணுமா?" என்று கேட்டேன்.

"வாத்தியாரே, ஓட்டையில நல்ல ஓட்டை கெட்ட ஓட்டைன்னு ஜாதி இருக்கா?"

நான் சிரித்துவிட்டு அடுத்த பசைக் குழாயை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே இருந்த ஈரம் வெளியேற அந்த இடுக்குகளைத் தவிர வேறு வழி கிடையாது. படித்தவன் என்று பெயர் எனக்கு. எனக்கும் தோன்றவில்லை.

ஜூலை போயிற்று. குளிர்பெட்டி வேலை செய்யவில்லை, பிரித்துப் போட்டார். ஆகஸ்டில் எரிவாயுக் குழாய்களை மாற்றினார். செப்டம்பரில் நெல்டாவின் ஆக்ஸிஜன் இயந்திரத்துக்குத் தனி பேட்டரி, தனி ஒயர். எல்லாம் அவளுக்காகத்தான். அவளுக்காகச் செய்த வேலையில் அவளுடைய நாட்கள்தான் செலவாகின.

"பேழை கட்டின நோவாவே இதைவிட சுருக்கா முடிச்சிருப்பான்," என்றாள் நெல்டா, வாசல் நாற்காலியில் மூக்குக் குழாயோடு உட்கார்ந்தபடி. "உள்ள காளான் வாசனை வருது ஆர்லன்."

"அது பழைய மெத்தை."

மெத்தையைத் தூக்கி எறிந்தார். வாசனை போகவில்லை. உனக்கு மூச்சே வரவில்லை, மூக்கு மட்டும் எப்படி வேலை செய்கிறது என்று கேலி செய்தார். அவளும் சிரித்தாள்; சிரித்ததற்கு இருமித் தீர்த்தாள்.

அக்டோபரில் முதல் பனி விழுந்தது. வாண்டா மறுபடி கூப்பிட்டாள். இன்னும் ஒரு வாரம் என்றார் ஆர்லன். மூன்று வாரம் ஆயிற்று.

நவம்பர் நான்காம் தேதி கிளம்பினார்கள். கேம்பரின் நான்கு மூலைகளிலும் உள்ள வளையங்களிலிருந்து வண்டிக்கு நான்கு சங்கிலிகள். ஒவ்வொன்றையும் முடுக்கி, அதற்கு மேல் இன்னொரு கால் சுற்று சுற்றினார். இரும்புக்குப் பழகிய கை. காற்று பலமாக இருக்கிறது, கனமில்லாத உயர வண்டிகள் போகவேண்டாம் என்று நெடுஞ்சாலைப் பலகை சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றரை டன் வீட்டை யார் கனமில்லாதது என்பார்கள்?

எல்க் மலைக்கு அருகே வளைவில் காற்று பக்கவாட்டில் அறைந்தது. நெல்டா கண்ணாடியில் பார்த்தாளாம். பிறகு என்னிடம் சொன்னாள்: "பின்னாடி வீடு எழுந்திருச்சு, கொஞ்சம் யோசிச்சுது, அப்புறம் இறங்கிப் போயிடுச்சு."

பிக்கப் கவிழவில்லை, சாலையோரப் பனியில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. நான்கு சங்கிலியில் ஒன்றுகூட அறவில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் வளையமும், போல்ட்டும், போல்ட்டைச் சுற்றி ஒரு பிடி கறுத்த மரமும் தொங்கின. பிழிந்தால் தண்ணீர் வந்தது. ஆக்ஸிஜன் இயந்திரமும் பெரிய சிலிண்டர்களும் கேம்பரோடு பள்ளத்தில் கிடந்தன. நெல்டாவின் மடியில் இருந்தது ஒரு சின்ன சிலிண்டர். அவர்களுக்குப் பின்னால் சாலையை மூடிவிட்டார்கள், அதனால் வண்டி எதுவும் வரவில்லை. பனி தள்ளும் லாரி ஒன்று வந்து சேர ஒன்றரை மணி நேரம். சிலிண்டர் ஒரு மணி நேரத்தில் தீர்ந்திருந்தது.

மறுபடி லாரமிக்கே கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் நிமோனியா. இனி யூமாவுக்கு விமானத்திலும் கொண்டுபோக முடியாது என்றார்கள். வாண்டாதான் கிளம்பி மேலே வந்தாள், ஆர்லனிடம் பேசவில்லை.

நான் போயிருந்த அன்று ஆர்லன் கட்டிலருகே உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தார். "முதல்ல அடிச்சுவரைப் பிரிச்சுப் போட்டிருக்கணும். ஒரு கோடை முழுக்க வெயில்ல காய விட்டு, அதுக்கப்புறம்தான் அடைச்சிருக்கணும்."

"ஒரு கோடை முழுக்கவா?" என்றாள் நெல்டா. முகமூடிக்குள்ளிருந்து குரல் மெதுவாக வந்தது. "அப்போ நாம எப்போ போயிருப்போம்?"

ஆர்லன் விரல் விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அக்டோபருக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார். நெல்டா அவர் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி இறந்தாள். சான்றிதழில் நுரையீரல் நோய் என்று எழுதினார்கள். தேவாலயத்து வாசலில் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஆர்லன் "மரம் ஈரமா இருந்துச்சு" என்றார். விபத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று அவர்கள் தலையாட்டினார்கள். கார்களை நோக்கி இறங்கிய வாண்டா மட்டும் அவர் முன்னால் நின்றாள். "என் வீட்டுல ரெண்டு கக்கூஸ் இருந்துச்சு ஆர்லன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.