வாக்குச்சாவடியில் ஒரு பெயர்

எண்பதுகளின் நடுவில் ஒரு தேர்தல். டீச்சர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத எனக்கு, பருத்திப்பட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்தல் வேலை போட்டார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன்.

அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் கதவு எண் எல்லாம் பெயின்டில் எழுதி வரிசையாக இருக்கும். அங்கே வளர்ந்தவளுக்கு அந்தப் பழைய ஊரின் வாக்காளர் பட்டியல் பெரிய தலைவலி. பெண்களில் பாதிப் பேருக்கு ஊர் அம்மன் பெயர். கதவு எண் கேட்டால், பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்ததில் போய்விட்டது என்றார்கள். ஒருத்தியை இன்னொருத்தியிடமிருந்து பிரித்துக் காட்டுவது கணவன் பெயர் ஒன்றுதான். அதை மட்டும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம்.

நான் கேட்பேன். அவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். பெஞ்சில் இருந்த இரண்டு கட்சி ஏஜென்டுகளும் உள்ளூர்க்காரர்கள். அவர்களில் ஒருவர் பெயரைச் சொல்ல, நான் பட்டியலில் கோடு போடுவேன். இதுகளுக்கெல்லாம் எதற்கு ஓட்டு என்று மனசுக்குள் நினைத்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பதினொரு மணி வாக்கில், அறுபதை நெருங்கிய ஓர் அம்மாள் வந்தார். அதே அம்மன் பெயர். ஒரு ஏஜென்ட் பட்டியலில் ஒரு வரியைக் காட்டினார். மற்றவர், "அது மேட்டுத் தெரு அம்மா டீச்சர், இது வேற" என்று இன்னொரு வரியைக் காட்டினார். இரண்டு பேரும் கத்த ஆரம்பித்தார்கள். தப்பான வரியில் நான் கோடு போட்டால், அந்த வரிக்கு உரியவள் பின்னால் வரும்போது அவளுக்கு ஓட்டு இல்லாமல் போய்விடும்.

"நீங்களே சொல்லிடுங்கம்மா. இல்லன்னா போட முடியாது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சொதந்திரம் வந்து மொத ஓட்டுக்குப் பேர் எழுத வந்தாங்க, டீச்சரம்மா. ஊட்டுக்காரர் பேரு இன்னான்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல. எழுதாமயே பூட்டாங்க. ஊரே ஓட்டு போடறப்போ நான் ஓரமா நின்னு வேடிக்க பாத்துகினு இருந்தேன். அப்பால அவரு சொல்லித்தான் லிஸ்ட்ல பேரு ஏறிச்சு."

"அவர் வந்திருக்காரா? கூப்பிடச் சொல்லட்டுமா?"

"தோ, ஆம்பளைங்க வரிசைல நிக்கறாரு. அவரு வந்து சொல்லி நான் போட்டா, அது அவரு குடுத்த ஓட்டு. இது என்னுது."

தாலிச் சரட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கணவர் பெயரைச் சொன்னார். சொல்லிப் பழக்கமில்லாததால் எவ்வளவு சத்தமாகச் சொல்வது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.

"இன்னா?" என்று வெளியே ஆண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஏஜென்டுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுதந்திரப் போராட்டப் பாடத்தில் யார் யார் சிறைக்குப் போனார்கள் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறவள் நான். புருஷன் ஆயுசையே பணயம் வைத்து ஒருத்தி ஓட்டு போட வருவாள் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அந்த அம்மாளை எழுந்து நின்று கும்பிட்டிருக்கலாம். அன்றைக்குத் தோன்றவில்லை. சரியான வரியில் கோடு போட்டு, பெண் வாக்காளர் என்பதால் பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டேன்.

மை வைக்க விரலை நீட்டினார். சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனவர் வெளியே வர நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்து வந்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவளுக்கும் அம்மன் பெயர்தான். வழக்கம்போல ஏஜென்ட் வாயைத் திறந்தார்.

"நீ சும்மா இரு அண்ணாத்தே" என்றாள் அவள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, நான் கேட்பதற்கு முன்பே தன் கணவன் பெயரைச் சொன்னாள்.