முப்பத்தஞ்சு, நாப்பது, அம்பது

எனக்குப் பொறாமை உண்டு. நகைக்கோ புடவைக்கோ வந்ததில்லை. எதிர்வீட்டில் இட்லி மாவு விற்கிறவள் மேல் வந்தது, அதுவும் இரண்டாம் வகுப்புக் கணக்கில்.

மதுரையில் கோச்சடைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. என் மகளும் என் வகுப்பிலேயே படித்தாள். பணத்தைப் பற்றிய பாடம் வந்தால் சார்ட் ஒட்டுவேன், அட்டையில் ரூபாய் நோட்டு வெட்டிக் கொடுப்பேன், கரும்பலகையில் கழித்துக் காட்டுவேன். ஐம்பதில் முப்பத்தைந்து போனால் மீதி எவ்வளவு என்று கேட்டால் பாதி வகுப்பு முழிக்கும். அந்தப் பாதியில் என் மகளும் ஒருத்தி. ஒருநாள் பின்வரிசையிலிருந்து, "டீச்சர் மகளுக்கே தெரியல" என்று ஒரு குரல் வந்தது. எனக்கு முகம் செத்துப்போனது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் வீட்டில் அவள் காசைக் கண்டதே அபூர்வம். கடையில் நான் செல்லை நீட்டுவேன், பணம் வந்துவிட்டதென்று அங்கிருக்கும் பெட்டி சத்தம் போடும், கிளம்பிவிடுவோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. பிறகு எங்கே அவள் சில்லறையைப் பார்ப்பது?

எதிர்வீட்டுக்காரி உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பத்தாவதைத் தாண்டாதவள். வீட்டு வாசலிலேயே கிரைண்டர் மாவு விற்றாள். சாயங்காலமானால் என் மகள் அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். எனக்கும் நோட்டுத் திருத்துகிற நேரத்தில் தொல்லையில்லை என்று விட்டுவிட்டேன்.

ஒரு சாயங்காலம் அவளை அழைத்து வரப் போனேன். மாவு வாங்கிய ஒருவர் முப்பத்தைந்து ரூபாய்க்கு ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினார். என் மகள் சில்லறை டப்பாவுக்குள் கையை விட்டாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை, தடவியே எடுத்தாள். "முப்பத்தஞ்சு" என்று தொடங்கி, ஐந்து ரூபாயை அவர் கையில் வைத்து "நாப்பது" என்றாள். பத்து ரூபாயை வைத்து "அம்பது" என்றாள். முடிந்தது கணக்கு. கழித்தலே இல்லை.

"பாத்தீகளா டீச்சர், எம்புட்டு வெரசாப் பிடிச்சுக்கிட்டா! மிச்சம் குடுக்கயில மேல மேல கூட்டிக்கிட்டே போகணும்னு ஒருவாட்டிதான் சொன்னேன்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

சிரித்து வைத்தேன். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பி.எட். படித்தவள் நான், ஒரு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியவள் நான், பெற்றவளும் நான். அன்றிரவு சாப்பாட்டு வேளை முழுக்க ஒரே எதிர்வீட்டு அத்தை புராணம். "அத்தை சொன்னாங்க, அஞ்சு ரூவா தடியா இருக்குமாம். அத்தை சொன்னாங்க, மிச்சத்தை வாங்குனதும் எண்ணணுமாம், கூட வந்திருந்தா திருப்பிக் குடுத்துறணுமாம்." இனிமேல் அங்கே போக வேண்டாம், வாசலெல்லாம் ஈரம், சளி பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். அது பொய்யென்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அடுத்த வாரம் நான் செய்ததுதான் கேவலம். ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய நிஜச் சில்லறையை வகுப்புக்குக் கொண்டுபோனேன். கண்ணை மூடிக்கொண்டு தடவி எடுக்கச் சொன்னேன். முப்பத்தஞ்சு, நாப்பது, அம்பது என்று மேலே மேலே எண்ண வைத்தேன். முழித்த பிள்ளைகளெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு மிச்சம் கொடுத்தார்கள். அந்த வாரமே பார்வையிட வந்த கல்வி அதிகாரி அசந்துபோனார்.

"பிரமாதம் டீச்சர். யாரோட ஐடியா இது?"

"நானே யோசிச்சது சார்."

முன்வரிசையில் இருந்த என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் தெரு திரும்பியதும் நின்றுவிட்டாள்.

"அம்மா, அந்த சார் உங்களுக்கு ரொம்பக் கூடக் குடுத்துட்டாங்கள்ல?"

"என்னத்தடி?"

"பிரமாதம்னு சொன்னாங்கள்ல. அது அத்தையோடது. திருப்பிக் குடுத்துறணும்."

அடிக்கக்கூடக் கை ஓங்கினேன். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

எதிர்வீட்டுக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். "அம்புட்டுத்தானா? இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தீக? நான் என்ன பெருசா கண்டுபிடிச்சுட்டேன், எல்லாரும் செய்யறதுதானே?" என்று சொல்லிக்கொண்டே என் மகளின் தலையைக் கோதினாள். அவளும் ஒட்டிக்கொண்டு நின்றாள். என்னிடம் அப்படி நின்று எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். மறுபடியும் எரிந்தது.

வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் மாவு கேட்டு, ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன். என் மகள் டப்பாவுக்குள் கையை விட்டாள். என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்து எண்ணினாள். சரியாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அந்த விரல்கள் என் கையில் இருக்காதா என்று நான் கையை மடக்காமலே நின்றேன்.

"தள்ளி நில்லுங்கம்மா, அடுத்த ஆளு நிக்கிறாங்க" என்றாள்.