வளையல் மாட்டிய கிளை

கறிவேப்பிலைக் கிளையில் ஒட்டியிருக்கும் அந்தக் கூடு, தொட்டால் காய்ந்த ரஸ்க் துண்டைப் போலச் சொரசொரவென்று இருக்கும். எழுபதுகளின் கடைசியில் சாலாக் செலாத்தானில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டின் கொல்லையில், எலுமிச்சை இலையில் பட்டாம்பூச்சி இட்ட முட்டைகளை ஈரத்துணியால் துடைத்துப் போடும் அம்மா, இந்தக் கூட்டை மட்டும் சீமந்தத்துக்கு வந்த மகளைப் போல வரவேற்பாள். அது "கும்பிடு பூச்சி"யின் முட்டைக்கூடு. பொரிந்து வரும் குஞ்சுகள் அசுவினிப் பேனையும் சின்னப் புழுக்களையும் தின்றுவிடுவதால் எங்கள் பயிற்றங்காய்ப் பந்தலுக்கு மருந்தே அடிக்க வேண்டியதில்லை. யாரும் தெரியாமல் ஒடித்துவிடக் கூடாதென்று தன் பழைய கண்ணாடி வளையல் ஒன்றை அந்தக் கிளையில் மாட்டி, "வளைகாப்புப் போட்டாச்சி, இனிமே எவளாச்சும் கை வைக்கட்டும் பாக்கலாம்" என்பாள். சாமி கும்பிடுகிற பூச்சியைக் கொன்றால் அந்தப் பாவம் ஏழு தலைமுறைக்கும் விடாது என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளை மாற்றியது என் பாய். பன்னிரண்டு வயதாகியும் நான் தூக்கத்தில் அதை நனைத்துக்கொண்டிருந்தேன். புது வருடம் பிறந்ததும் கிள்ளானில் பெரியம்மா வீட்டில் தங்கி இடைநிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். பெரியம்மாவுக்கோ வாய் நீளம். "அங்க போயி நனைச்சின்னா கிள்ளான் பூரா நாறிப்போவும்டி" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள்.

பக்கத்து வீட்டு மூய் ஆன்டி சீனர்; எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. ஒருநாள் வேலியோரம் நின்று வளையல் தொங்கிய கிளையைக் காட்டினார். "அக்கா, மருந்த மரத்துல வச்சிக்கிட்டு புள்ளைய ஏசாதீங்கலா. எங்க சீன மருந்துக் கடையில பாய நனைக்கிறதுக்கு அந்தப் பூச்சிக் கூட்டைத்தான் குடுப்பாங்க. மொதல்ல ஆவியில வேகவைக்கணும், இல்லாட்டி பொரிஞ்சி ஓடிடும்."

அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுக் கொல்லைக்குப் போன அம்மா, வளையலை அப்படியே விட்டுவிட்டு, கூட்டை மட்டும் பெயர்த்து முந்தானையில் முடிந்து வந்தாள். எங்கள் இட்லிச் சட்டியில்தான் வேகவைத்தாள். ஆன்டி அதை வறுத்து இடித்துக் கஷாயமாக்கித் தந்தார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை நீட்டி, "பாவம் எனக்கு வரட்டும், நீ குடி" என்றாள். குடித்தேன். கசப்பை நினைத்தேன், கிள்ளானை நினைத்தேன். உள்ளே இருந்த குஞ்சுகளை நினைக்கவேயில்லை.

கிள்ளானுக்குப் போகுமுன் பாய் நனைவது நின்றுவிட்டது. ஆனால் பயிற்றங்காய்க் கொடியெங்கும் அசுவினி அப்பியது; அம்மா பந்தலைப் பிரித்துப் போட்டாள். அந்த இட்லிச் சட்டி மறுபடி அடுப்பேறவில்லை, எந்தக் கிளைக்கும் வளையலும் ஏறவில்லை. வயதானால் தானாகவே நின்றிருக்கும் என்று பின்னாளில் ஒரு டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை.

அந்தக் கொல்லை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். எங்களுக்குக் கறிவேப்பிலை பாசாரிலிருந்து பிளாஸ்டிக் பையில் வருகிறது. அம்மா அம்பாங்கில் என்னோடு இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள், இரவில் படுக்கை நனைந்துவிடுகிறது. இன்று காலை நான் விரிப்பை மாற்றும்போது சுவரைப் பார்த்தபடி, "அந்த வாயில்லாப் புள்ளைங்க சாபம்டி" என்றாள்.

"குடிச்சவ நானும்மா" என்றேன்.

சட்டென்று திரும்பி, கையால் என் வாயைப் பொத்தினாள். "மெதுவா பேசுடி. அதுங்க காதுல விழுந்திடப் போவுது."