பிரதி முடியாத செல்கள்

அக்காவின் இரத்தத்தை நான் நுண்ணோக்கியில் பார்த்தேன். கரவனெல்லவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் அவள். மூன்று மாதமாக அவளுக்கு மூச்சு வாங்கியது. முகம் எலுமிச்சைத் தோலின் நிறத்துக்கு வந்திருந்தது. இரத்தப் புற்றுநோயோ என்று சந்தேகப்பட்டுத்தான் எங்களை இந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஆய்வுகூட மருத்துவர் யாழ்ப்பாணத்துக்காரர். "புற்றுநோய் இல்லை," என்றார். பிறகு எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன. ஒன்றுக்குள் மட்டும் கருநீலப் புள்ளி.

"அது டிஎன்ஏ துண்டு. செல் பிரியிறதுக்கு முதல் டிஎன்ஏ முழுசாப் பிரதி எடுபடோணும். இவவுக்கு பி12 காணாது. அரைகுறைப் பிரதியோடை செல் பிரிய வெளிக்கிடுது. முடியாத இடத்திலை இழை அறுந்துபோகும். அறுந்தது இப்பிடித் தனியக் கிடக்கும்."

அக்காவிடம் திரும்பினார். "மச்சம் மாமிசம் சாப்பிட்டு எவ்வளவு காலம், அம்மா?"

"ஒம்பது வருசமுங்க. நேத்திக்கடன்."

"பால், முட்டை?"

"முட்டையும் கவிச்சிதானுங்களே. பாலுக்கு எங்க போறது? பிளேன்டீதான்."

என்ன நேர்த்தி என்று நான் கேட்டேன். அவள் மருத்துவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"பேப்பர்காரனுக்கு ஊருச் சேதியெல்லாம் தெரியும், வீட்டுச் சேதி தெரியாதுங்க. இவன் டெங்குல கெடந்தப்ப நேந்தது. பொழைச்சா ரெண்டு பேரும் கதிர்காமத்துக்கு நடந்து வர்றோம், அதுவரைக்கும் கவிச்சி தொடமாட்டேன்னு. அவன்கிட்ட சொல்லக்கூடாது. சொல்லிட்டேன், போச்சு."

யாருக்காக நேர்ந்தோமோ அவர் தானாக வர வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து லயத்து வழக்கம். ஒவ்வோர் ஆடியிலும் அவள் என்னைக் கதிர்காமத்துக்குச் சும்மா போல் கூப்பிட்டாள். ஒவ்வோர் ஆடியிலும் எனக்குப் பத்திரிகை வேலை இருந்தது.

"ஊசி போட்டா புதுச் செல் ஒழுங்காப் பிரதி எடுக்கும்," என்றார் மருத்துவர்.

"ஏற்கெனவே அறுந்தது?" என்றேன்.

"கூடுதலானது செத்துப்போம். எல்லாமெண்டு என்னாலை சொல்லேலாது. பிழையா ஒட்டித் தப்பின செல், தன்ரை பிழையையும் சேர்த்துத்தான் பிரதி எடுக்கும். ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கோணும்."

அக்காவின் கவலை வேறு. "அந்த ஊசி மாட்டுலருந்து எடுக்குறதுங்களா, டொக்டர் ஐயா?"

"இல்லை. பக்டீரியாவிலை இருந்து."

"அப்ப போடுங்க. காலுதான் மரத்துக் கெடக்கு. ஆடிக்குள்ள சரியாயிருமா? நடந்து போகணும்."

"ரத்தம் கெதியா ஏறும். கால் மரக்கிறது நரம்பாலை, அது அப்பிடியில்லை," என்றவர் சீட்டு எழுதத் தொடங்கினார்.

வெளியே, மதில் ஓரத்தில் ஒரு பிள்ளையார் சிலை. அக்கா செருப்பைக் கழற்றி, கைகூப்பி, கண்ணை மூடினாள். மூடியதும் அவள் உடல் இடப்பக்கம் சாய்ந்தது. தோளைப் பிடித்தேன். கண்ணைத் திறந்ததும் நேராக நின்றாள். என் கையை விலக்கிவிட்டு மறுபடி மூடினாள். மறுபடி சாய்ந்தாள்.

"கண்ண மூடுனா தரையக் காணோம்டா, தம்பி," என்றாள்.